கணினி நடந்து வந்த வழி – 14: வரைபடம் யார் கையில்?

சென்ற பகுதியில் யூனிக்ஸ் பிறந்த பெல் ஆய்வகத்தோடு நிறுத்தியிருந்தோம். இந்தப் பகுதியும் அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் போய்ச் சேரும் இடம், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு தமிழரின் வேலை. பேசப்போகும் பொருள் ஒன்றுதான். பல ஹார்ட் டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து, பயன்படுத்துபவர் கண்ணுக்கு ஒரே வால்யூமாகக் காட்டும் கலை.

சேர்ப்பது பெரிய வித்தை இல்லை. எந்தக் கோப்பின் எந்தத் துண்டு எந்த டிஸ்க்கில் கிடக்கிறது என்று யாராவது நினைவில் வைத்திருக்க வேண்டுமே, அதுதான் சிக்கல். அந்த வரைபடத்தை எங்கே எழுதி வைப்பது, அது தொலைந்தால் என்ன செய்வது என்ற கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டால் இந்த ஐம்பது ஆண்டு வரலாறும் விளங்கிவிடும் என்பது என் எண்ணம்.

1974 ஜூலையில் டென்னிஸ் ரிச்சியும் கென் தாம்சனும் யூனிக்ஸைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை வெளிவந்தது. தங்களிடம் இருந்த பி.டி.பி-11/45 இயந்திரத்தின் சொத்துக் கணக்கை அதில் ஒளிவுமறைவில்லாமல் கொடுத்திருக்கிறார்கள். 1 மெகாபைட் கொள்ளும் நிலைத்தலை டிஸ்க் ஒன்று. கழற்றி மாட்டும் கார்ட்ரிட்ஜ் போட்டு ஓட்டும் டிரைவ் நான்கு, ஒவ்வொன்றும் 2.5 மெகாபைட். 40 மெகாபைட் பேக் மாட்டும் பெரிய டிரைவ் ஒன்று. ஆக மொத்தம் 51 மெகாபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஐந்து நிமிட வீடியோவே அதற்குள் அடங்காது.

இந்த ஆறையும் ஒரே மரமாகக் காட்ட அவர்கள் கண்டுபிடித்த வழிதான் மவுண்ட். சின்ன நிலைத்தலை டிஸ்க்கில் மரத்தின் வேர் இருக்கும். இயந்திரம் எழுந்ததும் பெரிய டிஸ்க்கை அந்த மரத்தின் ஒரு கிளையில் கொண்டுபோய் ஒட்டிவிடும். பயனர்களின் கோப்புகள் அதற்குள் இருக்கும். நான்கு சின்ன டிரைவுகளில் அவரவர் தம் சொந்தக் கார்ட்ரிட்ஜை மாட்டி வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம். கோப்பைத் தேடிப் போகிறவருக்கு எங்கே ஒரு டிஸ்க் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதே தெரியாது. டிரைவுக்கு ஓர் எழுத்து என்று பிரித்துக் காட்டும் வழக்கத்தில் வளர்ந்த நமக்கு இதன் அழகு உடனே பிடிபடாது. பாதையின் பெயரைப் படித்தால் போதும், பொருள் எந்தப் பெட்டியில் கிடக்கிறது என்று கேட்க வேண்டியதில்லை.

ஆனால் ஒட்டு வெளிப்பார்வைக்குத்தான். உள்ளே ஒவ்வொரு டிஸ்க்கும் தனித்தனி எல்லை கொண்ட நாடு. ஒரு டிஸ்க்கில் உள்ள கோப்புக்கு இன்னொரு டிஸ்க்கிலிருந்து இணைப்புப் பெயர் கொடுக்க முடியாது என்பதை அந்தக் கட்டுரையே விதிவிலக்காகச் சொல்லிவிடுகிறது. அதைவிடப் பெரிய தொல்லை, ஒரு டிஸ்க் நிரம்பினால் நிரம்பியதுதான். பக்கத்து டிஸ்க் காலியாகக் கிடந்தாலும் பயனில்லை. இந்த நெருக்கடியின் வடு இன்றைக்கும் லினக்ஸில் இருக்கிறது. அடிப்படைக் கட்டளைகள் சில ‘பின்’ என்ற அடைவிலும், சில ‘யூஎஸ்ஆர்’ அடைவுக்குள் இருக்கும் இன்னொரு ‘பின்’னிலும் ஏன் பிரிந்து கிடந்தன என்று புதிதாகப் படிக்க வருகிற பிள்ளைகள் கேட்பார்கள். தத்துவம் ஒன்றும் இல்லை. வேர் இருந்த டிஸ்க்கில் இடம் போதவில்லை. கட்டளைகளில் ஒரு பகுதி பயனர்களின் டிஸ்க்குக்குக் குடிபோனது, அவ்வளவுதான். அந்தப் பிரிவைத் துடைத்து இரண்டையும் ஒன்றாக்க ஃபெடோரா லினக்ஸ் முன்வந்தது 2012இல்.

டிஸ்க் நிரம்பும் தொல்லைக்கு 1983இல் வந்த 4.2 பி.எஸ்.டி. யூனிக்ஸ் ஒரு கைவைத்தியம் கொடுத்தது. சிம்பாலிக் லிங்க். நிரம்பிய டிஸ்க்கிலிருந்து ஓர் அடைவை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, பழைய இடத்தில் ‘அங்கே போய்ப் பார்’ என்று ஒரு சிறு குறிப்பை விட்டு வருவது. நிர்வாகிகள் இதை வைத்தே பல ஆண்டுகள் காலம் தள்ளினார்கள். வரைபடம் இங்கே நூறு துண்டுச் சீட்டுகளாகச் சிதறிக் கிடந்தது. முழு வரைபடம் இருந்த ஒரே இடம் நிர்வாகியின் மண்டை.

*

டிஸ்க்குகளைச் சேர்க்கும் ஆசைக்கு முறையான கணக்கு போட்டவர்கள் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்ஸன், ராண்டி காட்ஸ் மூவரும். 1988இல் அவர்கள் எழுதிய ரெய்டு கட்டுரையின் அடிப்படை எளிமையானது. அன்றைய பெரிய டிஸ்க் ஐ.பி.எம். 3380. 14 அங்குலத் தட்டுகள், 7,500 மெகாபைட், 6,600 வாட் மின்சாரம். மேசைக் கணினிக்கென்று வந்த கான்னர் சி.பி.3100 என்ற குட்டி டிஸ்க் 3.5 அங்குலம், 100 மெகாபைட், 10 வாட். குட்டிகளில் 75ஐச் சேர்த்தால் பெரியதன் கொள்ளளவு வந்துவிடும், மின்சாரமோ 750 வாட்டோடு நிற்கும். அத்தனை டிஸ்க்குகளும் ஒரே சமயத்தில் படித்துக் கொடுப்பதால் வேகமும் கூடும்.

இதுவரை யாரும் யோசித்திருக்கக்கூடியதுதான். அடுத்த வரியில்தான் அந்தக் கட்டுரை வரலாற்றுக்குள் நுழைகிறது. ஒரு டிஸ்க்கின் சராசரி ஆயுள் 30,000 மணி நேரம், அதாவது ஏறக்குறைய மூன்றரை ஆண்டு. நூறு டிஸ்க்கைச் சேர்த்தால் அவற்றில் ஏதோ ஒன்று பழுதாகச் சராசரியாக ஆகும் நேரம் 300 மணி. இரண்டு வாரம்கூட இல்லை. ஒன்று போனால் சேர்த்த மொத்தமும் போகும் என்ற நிலையில் இப்படிச் சேர்ப்பது தற்கொலைக்குச் சமம். டிஸ்க்குகளைச் சேர்க்கும்போது இடத்தை மட்டும் கூட்டுவதில்லை, சாவையும் கூட்டுகிறோம். நம்மூர்க் கடைகளில் இன்றும் இந்த ஒரு கணக்கைச் சொல்லாமல்தான் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

அவர்கள் கொடுத்த மருந்து ஓர் உபரி டிஸ்க். நான்கு டிஸ்க்கில் ஒரே இடத்தில் முறையே 1, 0, 1, 1 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஒன்றுகள், ஒற்றைப்படை. ஐந்தாவது டிஸ்க்கில் அதே இடத்தில் 1 எழுதி மொத்தத்தை இரட்டைப்படையாக்கி விடு. நாளை மூன்றாவது டிஸ்க் செத்துப்போனால் மற்ற நான்கையும் கூட்டிப் பார். மூன்று ஒன்றுகள்தான் தேறும். இரட்டைப்படையாக வேண்டுமென்றால் தொலைந்தது 1ஆகத்தான் இருந்திருக்க வேண்டும். எத்தனை கோடி இடமானாலும் இதே கணக்குதான். இந்த உபரித் தகவலை ஒரே டிஸ்க்கில் வைத்தால் எழுதும்போதெல்லாம் அந்த ஒன்றின் மேலேயே பாரம் விழும். ஆகவே எல்லா டிஸ்க்கிலும் சுழற்றிப் பரப்பிவிடு என்பது அவர்கள் சொன்ன ஐந்தாம் நிலை. ரெய்டு 5 என்று இன்று நாம் சொல்வது அதைத்தான்.

நம் கேள்விக்கு வருவோம். ரெய்டில் வரைபடம் எங்கே? பெரிய வரைபடம் அதற்குத் தேவையே இல்லை. துண்டின் எண்ணை டிஸ்க்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் எந்த டிஸ்க் என்பது வந்துவிடும். கணக்குதான் வரைபடம். டிஸ்க்குகளின் வரிசையும் துண்டின் அளவும் மட்டும் நினைவில் இருந்தால் போதும். ஆனால் கணக்கு விறைப்பானது. ஐந்து டிஸ்க்கை ஏழாக்க வேண்டும் என்றால் வகுத்தலின் விடை எல்லாமே மாறிவிடும், எல்லாவற்றையும் இடம் மாற்றி எழுத வேண்டும். அதுவும் வேறுவேறு அளவு டிஸ்க்குகளைக் கலந்தால் சிறியதன் அளவுக்கே மற்றவையும் சுருங்க வேண்டும்.

வளைந்துகொடுக்கும் வழியை ஐ.பி.எம். கொண்டுவந்தது. 1990இல் அதன் ஆர்.எஸ்./6000 இயந்திரங்களோடு வந்த ஏ.ஐ.எக்ஸ். யூனிக்ஸில் லாஜிகல் வால்யூம் மேனேஜர் இருந்தது, சுருக்கமாக எல்.வி.எம். டிஸ்க்கை சம அளவுத் துண்டுகளாக வெட்டு. எல்லா டிஸ்க்கின் துண்டுகளையும் ஒரு பொதுக் குவியலில் போடு. வால்யூம் கேட்பவருக்குக் குவியலிலிருந்து இத்தனை என்று எண்ணிக் கொடு. எது எங்கிருந்து வந்தது என்று ஓர் அட்டவணையில் குறித்து வை. பிறகு டிஸ்க் வாங்கினால் குவியலில் சேர், வால்யூமை நீட்டு. ஹெச்.பி. தன் யூனிக்ஸிலும் இதே வழியில் ஒன்றைக் கட்டியது. அதை முன்மாதிரியாக வைத்து 1998இல் ஜெர்மானியரான ஹைன்ஸ் மாவல்ஸ்ஹாகன் லினக்ஸுக்கு ஒன்றை எழுதினார்.

அட்டவணையை எங்கே வைப்பது என்பதில் ஆளுக்கொரு வழி. யூட்டா பல்கலைக்கழகத்தில் பிறந்து பி.எஸ்.டி. குடும்பத்துக்குள் வந்த சி.சி.டி. என்ற சேர்ப்பு நிரல், எந்த டிஸ்க் எந்த வரிசையில் என்பதை ஓர் அமைப்புக் கோப்பில் படித்துக்கொண்டது. லினக்ஸில் தொடக்கத்தில் வந்த மென்பொருள் ரெய்டும் ‘ரெய்டுடேப்’ என்ற கோப்பை நம்பியே நடந்தது. அந்தக் கோப்பு இருப்பது வேறொரு டிஸ்க்கில். அது போனால் சேர்ந்திருந்த டிஸ்க்குகள் ஒன்றையொன்று அறியாத அந்நியர்களாகிவிடும். உள்ளே தகவல் முழுசாக இருக்கும், வரிசை தெரியாது. அப்புறம்தான் ஒவ்வொரு டிஸ்க்கின் உடம்பிலேயே அதன் அடையாளத்தைப் பொறிக்கும் வழக்கம் நிலைபெற்றது. 2001இல் நீல் பிரவுன் எழுதத் தொடங்கிய எம்.டி.அட்மின், கோப்பு எதையும் கேட்காமல் டிஸ்க்குகளையே விசாரித்து ‘நீ எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன், எத்தனையாவது ஆள்’ என்று தெரிந்துகொண்டு ஒன்றுசேர்த்துவிடும். இந்த ஒரு மாற்றம் காப்பாற்றிய தரவுக்கு அளவே கிடையாது என்று உறுதியாகச் சொல்வேன்.

*

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் கண்கூடாகப் பார்த்தேன். எடிட்டிங் அறையின் மூலையில் ஒரு பழைய மேசைக் கணினி, உபுண்டு போட்டது. உள்ளே நான்கு டிஸ்க். யாரோ தெரிந்தவர் எல்.வி.எம்.மில் நேர்வரிசையாகச் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். உபரி எதுவும் இல்லை. மூன்றாவது டிஸ்க் டக் டக்கென்று சத்தம் போட்டுவிட்டு நின்றுபோனது.

“நாலையும் ஒண்ணாச் சேத்துக் குடுத்தாங்க சார். இப்ப ஒண்ணு போனா நாலும் போச்சுங்கறாங்க. மத்த மூணும் நல்லாத்தானே சுத்துது?” என்றார் ஸ்டுடியோக்காரர்.

“சுத்துதுண்ணே. அது மேல இருக்கறத எடுக்கப் பாக்கலாம். முதல்ல மூணையும் நகல் எடுத்துக்குவோம், அசல்ல கை வைக்க வேணாம்” என்றேன்.

நகல் எடுத்தபின் நல்ல டிஸ்க் ஒன்றின் முதல் சில பகுதிகளைத் திரையில் திறந்து காட்டினேன். புரியாத குறிகளுக்கு நடுவே திடீரென்று படிக்கக்கூடிய எழுத்துகள். எல்.வி.எம். தன் வரைபடத்தைச் சங்கேதமாக எழுதுவதில்லை, சாதாரண உரையாகவே எழுதுகிறது. தொகுதியின் பெயர், அதில் சேர்ந்த நான்கு டிஸ்க்குகளின் நீளமான அடையாள எண்கள், ஒரு துண்டின் அளவு 4 மெகாபைட், எந்த வால்யூமின் எத்தனையாவது துண்டிலிருந்து எத்தனையாவது வரை எந்த டிஸ்க், உருவாக்கிய கணினியின் பெயர், உருவாக்கிய நேரம். பிறகு வால்யூமை நீட்டியிருந்தால் அதற்கு இட்ட கட்டளைகூட வரிமாறாமல் கிடக்கும். முக்கியமானது இதுதான்: முழு வரைபடத்தின் நகலும் தொகுதியின் ஒவ்வொரு டிஸ்க்கிலும் இருக்கிறது. செத்துப்போன மூன்றாவது டிஸ்க்கின் இடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை மற்ற மூன்றும் சாட்சி சொல்கின்றன.

அந்த இடத்தில் ஓட்டையை அப்படியே விட்டுவிட்டு வால்யூமை அரைகுறையாக எழுப்பினோம். முதல் இரண்டு டிஸ்க்கிலும் முழுமையாக அடங்கிய வீடியோக்கள் வந்தன. சிலவற்றுக்குப் பெயர் போய் வெறும் எண் மட்டும் மிஞ்சியது. ஓட்டைக்கு மேல் நீண்டிருந்தவை தாலி கட்டும் நேரத்தில் நின்றன. வந்ததை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து எந்தக் குடும்பத்துடையது என்று அடையாளம் சொல்லிக்கொண்டே இருந்தார் அவர். வரைபடம் வேறெங்கோ ஒரே ஒரு கோப்பில் இருந்து, அதுவும் அந்த மூன்றாவது டிஸ்க்கிலேயே இருந்திருந்தால், இதில் பாதிகூட வந்திருக்காது.

சன் நிறுவனத்தில் ஜெஃப் போன்விக்கும் மாத்யூ ஆரன்ஸும் 2001இல் தொடங்கிய இசட்.எஃப்.எஸ். இந்த நியாயத்தை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. ஒவ்வொரு டிஸ்க்கிலும் அடையாள ஏட்டின் நான்கு பிரதிகள்: இரண்டு தலைப்பில், இரண்டு வாலில். ஒரு முனை கெட்டாலும் மறுமுனை பேசும். டிஸ்க்குகளைக் கழற்றி வரிசை மாற்றி வேறு கணினியில் மாட்டினாலும் தானே அடுக்கிக்கொள்ளும். கோப்பு முறைமையையும் டிஸ்க் சேர்ப்பையும் ஒரே ஆளாக்கிய அதன் கதை பெரியது, அதற்கு ஒரு பகுதி தனியாக வேண்டும்.

*

இதுவரை பார்த்தது ஒரே கணினிக்குள் அடங்கிய டிஸ்க்குகள். பெட்டி நிறைந்த பிறகு என்ன செய்வது? அடுத்த பெட்டியைத்தான் சேர்க்க வேண்டும். அப்போது வரைபடக் கேள்வி புதுசாகத் தலை தூக்குகிறது.

இந்தப் பாதையில் முதலில் நடந்தவர்களில் முக்கியமானவர் மகாதேவ் சத்யநாராயணன். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகம் போனவர். அங்கே 1980களில் உருவான ஆண்ட்ரூ கோப்பு முறைமையின் முதன்மைச் சிற்பிகளில் ஒருவர். பல்கலைக்கழகம் முழுக்க எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் ஒரே கோப்பு மரம் தெரிய வேண்டும் என்பது குறிக்கோள். கோப்புகளை வால்யூம்களாகக் கட்டி, ஒரு வால்யூமை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குப் பயனருக்குத் தெரியாமலே மாற்றினார்கள். எந்த வால்யூம் எந்த சர்வரில் என்பதை ஒரு முகவரித் தரவுத்தளம் சொல்லும். அங்கே ஆய்வாளராக இருந்த பீட்டர் பிராம் 1999இல் தொடங்கிய லஸ்டர், 2003இல் கூகுள் வெளியிட்ட தன் கோப்பு முறைமை, எல்லாவற்றிலும் இதே அமைப்புதான். தரவு பல கணினிகளில் இருக்கும், வரைபடம் அதற்கென்று ஒதுக்கிய கணினியிடம் இருக்கும். எல்லோரும் முதலில் அதனிடம் வழி கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அது திணறினால் எல்லோரும் திணறுவார்கள். அது படுத்தால் தரவு பத்திரமாக இருந்தும் யாருக்கும் எட்டாது.

வழி சொல்பவரே வேண்டாம் என்று முடிவெடுத்தவர் ஆனந்த் பாபு பெரியசாமி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் படித்தவர், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தில் ஊறியவர். கலிஃபோர்னியா டிஜிட்டல் நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவராக, லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்துக்கு தண்டர் என்ற லினக்ஸ் மீக்கணினியைக் கட்டிக்கொடுத்தார். நான்கு நான்கு செயலிகள் கொண்ட சாதாரண சர்வர்கள் ஆயிரத்துக்கும் மேல் கோத்தது அது. மீக்கணினிகளின் 2004 ஜூன் தரப்பட்டியலில் ஜப்பானின் எர்த் சிமுலேட்டருக்கு அடுத்து உலகில் இரண்டாம் இடம். கணக்குப் போடும் திறனைச் சாதாரணப் பெட்டிகளைச் சேர்த்துக் கட்ட முடியுமென்றால், சேமிப்பை ஏன் முடியாது என்பது அந்த அனுபவத்திலிருந்து இயல்பாகவே எழும் கேள்வி. 2005இல் அவரும் ஹிதேஷ் சேலானியும் தொடங்கிய நிறுவனம் பிறகு கிளஸ்டர் என்று பெயர் பெற்றது. நிரல் எழுதிய குழு பெங்களூரில் இருந்தது. வெளிவந்தது கிளஸ்டர்-எஃப்.எஸ்.

அதன் அடிப்படை அலகு பிரிக், செங்கல் என்று அவர்களே வைத்த பெயர். செங்கல் என்பது ஏதோ ஒரு சர்வரில் ஏதோ ஓர் அடைவு. அவ்வளவுதான். அந்த சர்வரில் டிஸ்க்குகளை ரெய்டில் சேர்த்து, மேலே எல்.வி.எம். போட்டு, அதன்மேல் எக்ஸ்.எஃப்.எஸ். கோப்பு முறைமை போட்டிருப்பார்கள். நாம் மேலே பார்த்த தலைமுறைகள் எல்லாம் அடியில் அடுக்கடுக்காக வேலை செய்கின்றன. கிளஸ்டர் பல சர்வர்களின் செங்கற்களைச் சேர்த்து ஒரு வால்யூமாக்குகிறது. கர்னலுக்குள் கை வைக்கவில்லை. சாதாரண நிரலாகவே வெளியில் ஓடுகிறது. நகலெடுப்பது ஓர் அடுக்கு, பரப்புவது ஓர் அடுக்கு, வேகத்துக்கு ஓர் அடுக்கு என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக்கொள்ளும் அமைப்பை குனு ஹர்ட் இயங்குதளத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

வரைபடம்? கோப்பின் பெயரேதான். பெயரை ஒரு கணிதச் சூத்திரத்தில் போட்டால் 0 முதல் 4,294,967,295 வரைக்குள் ஓர் எண் வரும். நான்கு செங்கல் இருந்தால் அந்த நீளத்தை நான்காகப் பங்கிட்டிருப்பார்கள். எண் எந்தப் பங்கில் விழுகிறதோ அந்தச் செங்கலுக்கு நேராகப் போ. யாரிடமும் கேட்க வேண்டாம். நூறு கணினிகளிலிருந்து கேட்டாலும் நூறும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு ஒரே விடைக்கு வரும். எந்தச் செங்கலுக்கு எந்தப் பங்கு என்ற குறிப்பு மட்டும் ஒவ்வொரு அடைவின் விளிம்பிலும் ஒட்டியிருக்கும். ரெய்டு கட்டுரையில் கணக்கே வரைபடமாக இருந்ததல்லவா? அதே எண்ணம் பல ஆண்டு கழித்துக் கட்டடம் கட்டடமாகப் பரந்திருக்கிறது. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும்.

கோப்பின் பெயரை மாற்றினால்? புதுப் பெயரின் எண் வேறு செங்கலைக் காட்டும். அதற்காகப் பத்து கிகாபைட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. புது இடத்தில் ஒரு பூஜ்ய பைட் கோப்பை வைத்து, ‘அசல் அங்கே இருக்கிறது’ என்று அதன் விளிம்பில் குறித்துவிடுகிறது. செங்கலுக்குள் நேராகப் போய்ப் பட்டியல் போட்டுப் பார்த்தால் அனுமதிக் குறிகள் எல்லாம் வெறும் கோடாக, கடைசியில் ஒரே ஒரு ‘டி’ எழுத்தோடு இந்தக் கோப்புகள் கிடக்கும். புதிதாக வரும் நிர்வாகிகள் இவற்றைக் குப்பை என்று நினைத்து அழித்துவிடுவது உண்டு. 1983இன் சிம்பாலிக் லிங்க் செய்த அதே வேலை. சீட்டை எழுதுவது மட்டும் இப்போது நிரல்.

குறை இல்லாமல் இல்லை. ஒரு கோப்பைப் பெயர் சொல்லிக் கேட்டால் மின்னலாக வரும். ஓர் அடைவில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டால் ஒவ்வொரு செங்கலையும் தட்டி விசாரிக்க வேண்டும், நேரமாகும். லட்சக்கணக்கில் சின்னச் சின்னக் கோப்புகள் வைத்தவர்கள் நொந்துபோனார்கள். இரண்டு நகல் வைத்த வால்யூமில் இணைப்பு அறுந்து, இரண்டு பக்கமும் தனித்தனியாக ஒரே கோப்பில் எழுதிவிட்டால், எது உண்மை என்று தீர்மானிக்க ஆள் இல்லை. சாட்சிக்கு மூன்றாவதாக ஒரு செங்கல் வைக்கும் ஏற்பாடு பிறகுதான் வந்தது. வழிசொல்லியை நீக்கியதற்குக் கொடுத்த விலை இது. ஆனால் ஒரு பெரிய நன்மை. கோப்புகளைத் துண்டாக்காமல் பரப்பும் வால்யூமில் ஒவ்வொரு கோப்பும் ஏதோ ஒரு செங்கலில் முழுக்கோப்பாகவே, அதன் பெயரோடு இருக்கிறது. கிளஸ்டரையே கழற்றி எறிந்தாலும் டிஸ்க்கை மவுண்ட் செய்து கோப்பை எடுத்துக்கொள்ளலாம். கேம்ப் ரோடு ஸ்டுடியோக்காரருக்கு அந்த அமைப்பு இருந்திருந்தால், போனது ஒரு டிஸ்க்கின் கல்யாணங்கள் மட்டுமாக இருந்திருக்கும். ஒரு வீடியோவும் பாதியில் நின்றிருக்காது.

நகல்களை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பதும் இந்த வரலாற்றின் ஓர் அத்தியாயம்தான். தாம்பரம் பக்கத்து மக்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. 2015 டிசம்பர் 1 தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அடையாறு கரையை மீறி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. ஒரே அலமாரியில் மேல்தட்டில் ஒரு நகலும் கீழ்த்தட்டில் ஒரு நகலும் வைத்திருந்தவருக்கு ரெய்டு கட்டுரையின் 300 மணிக் கணக்கு அன்று உதவியிருக்காது. டிஸ்க்குகள் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று தொடர்பின்றிப் பழுதாகும் என்ற அனுமானத்தின் மேல் நிற்பது அந்தக் கணக்கு. வெள்ளமும் தீயும் அந்த அனுமானத்துக்குக் கட்டுப்படுவதில்லை. கிளஸ்டரில் இதற்கென்று அதற்கு முன்பே ஓர் ஏற்பாடு இருந்தது: ஒரு வால்யூமில் நடந்த மாற்றங்களைச் சற்றுத் தாமதமாக, இணையம் வழியே வேறு ஊரில் உள்ள இன்னொரு வால்யூமுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பது. கடைசிச் சில நிமிட வேலை தொலையலாம், மிச்சமெல்லாம் தப்பும்.

2011 அக்டோபரில் ரெட் ஹேட் நிறுவனம் சுமார் 136 மில்லியன் டாலருக்கு கிளஸ்டரை வாங்கியது. பெரியசாமி பிறகு அங்கிருந்து விலகி 2014இல் மினியோவைத் தொடங்கினார். அடைவு, கிளை, மவுண்ட் எதுவுமே இல்லாமல், பொருளுக்கு ஒரு பெயர் சொல்லிப் போடு, அதே பெயர் சொல்லி எடு என்கிற இன்னொரு வகைச் சேமிப்பு அது. தரவைப் பல டிஸ்க்கில் உபரியோடு பிரித்து எழுதுவது அங்கேயும் உண்டு. கிளஸ்டரை அடித்தளமாகக் கொண்டு ரெட் ஹேட் விற்றுவந்த சேமிப்புப் பொருளுக்கான ஆதரவு 2024 டிசம்பரோடு முடிந்தது. நிரல் கட்டற்றது என்பதால் அது இன்னும் எவருக்கும் திறந்தே கிடக்கிறது. வணிக உலகத்தின் கவனம் வேறொன்றின் மேல் போய்விட்டது.

அந்த வேறொன்று சாண்டா குரூஸில் ஒரு மாணவரின் முனைவர் பட்ட ஆய்வாகத் தொடங்கிய செஃப். அதுவும் வரைபடத்தைக் கணக்காலேயே போடுகிறது. ஆனால் எந்த டிஸ்க் எந்த அலமாரியில், எந்த அலமாரி எந்த அறையில் என்பதையும் அந்தக் கணக்குக்குள்ளேயே கொண்டுவந்துவிடுகிறது. அந்த மாணவர், சேஜ் வைல், அதை எப்படிச் செய்தார் என்பது அடுத்த பகுதியில்.